அம்மோனியா வினையூக்கிகள்: இரும்பு முதல் எலக்ட்ரைடு வரை, வாங்குவோருக்கான ஒரு மதிப்பாய்வு

அம்மோனியாத் தயாரிப்புக்கான வினையூக்கிகளில் ஏறத்தாழ எல்லாமே இன்று ‘பசுமை’ என்ற அடைமொழியோடுதான் அறிமுகப்படுத்தப்படுகின்றன. நூறாண்டு கடந்த இரும்பு வினையூக்கியின் புதிய பதிப்புகள், ருத்தேனியம் என்ற அரிய உலோகம் பூசிய கார்பன் துகள்கள், எலக்ட்ரைடுகள், ஹைட்ரைடுகள், மின்வேதியியல் கலன்கள் என்று வரிசை நீள்கிறது. காற்றாலை அல்லது சூரிய மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெற்ற ஹைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா தயாரிக்க முனையும் ஒருவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம், எதற்காகக் காத்திருக்கலாம், எதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம் என்பதே இம்மதிப்பாய்வின் நோக்கம். எரிவாயுவில் ஓடும் பழைய ஆலைக்கான தேர்வு வேறு. அதை இங்கே போகிற போக்கில் மட்டும் தொடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவுபடுத்த வேண்டும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா உற்பத்தியாகிறது. அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு உரமாகிறது. இயற்கை எரிவாயுவில் இயங்கும் ஆலை ஒரு டன் அம்மோனியாவுக்கு 1.6 முதல் 1.8 டன் வரை கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. நிலக்கரியில் இயங்குவது அதைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் வெளியிடுகிறது. இந்தக் கார்பனில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில் வெளிவருவதே தவிர, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் கட்டத்தில் வெளிவருவதன்று. ஒரு டன் அம்மோனியாவுக்கு 177 கிலோ ஹைட்ரஜன் தேவை. மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாவதால், அதற்கு மட்டுமே ஏறத்தாழ 9,000 யூனிட் போய்விடுகிறது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தல், அழுத்துதல், குளிரவைத்தல் ஆகிய எல்லாம் சேர்ந்தும் எஞ்சிய சுமார் 1,000 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே, ‘எங்கள் வினையூக்கி அம்மோனியாவின் ஆற்றல் தேவையைப் பாதியாகக் குறைக்கும்’ என்று யாரேனும் சொன்னால், அவர் எந்தப் பாதியைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தொகுப்பு வினையூக்கியால் அந்த 9,000 யூனிட்டைத் தொட முடியாது.

அப்படியானால் வினையூக்கியை மாற்றுவதால் என்னதான் பயன்? அதைச் சுற்றி நிற்கும் ஆலை மாறுகிறது என்பதே பயன். குறைந்த வெப்பநிலையில் வேலை செய்தால் அழுத்தத்தைக் குறைக்கலாம். அழுத்தம் குறைந்தால் கன்வெர்ட்டரின் (வினை நடக்கும் உயர் அழுத்தக் கலத்தின்) சுவர் மெலிதாகும், கம்பிரசர் சிறிதாகும், நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்குக் கீழே இறங்கினால் கட்டாது என்ற பொருளாதாரக் கட்டாயம் தளரும். காற்று ஓயும்போது உற்பத்தியைத் தணித்து, மீண்டும் வீசும்போது ஏற்றிக்கொள்ளவும் முடியும். நான் ஒவ்வொரு வினையூக்கியையும் அளந்தது இந்த அளவுகோலால்தான். ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியில் தடித்த எழுத்தில் வரும் வேக எண்ணால் அன்று.

இரும்பிலிருந்து தொடங்குவோம். ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் அம்மோனியாத் தயாரிப்பை 1909-இல் செய்துகாட்டியபோது பயன்படுத்தியது ஆஸ்மியம் என்ற உலோகம். அது அரிதானது, நச்சு ஆக்சைடு தருவது, தொழிற்சாலைக்கு உதவாதது. பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் அல்வின் மிட்டாஷின் குழுவினர் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, மாக்னடைட் என்னும் சுவீடன் நாட்டு இரும்புத் தாதுவில் இயல்பாகவே கலந்திருந்த மாசுகள்தாம் அதன் திறனுக்குக் காரணம் என்று கண்டறிந்தனர். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. அலுமினியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளை உயர்த்திகளாகச் (திறனைக் கூட்டும் சேர்க்கைகளாகச்) சேர்த்து உருக்கிய அதே இரும்புதான் இன்றும் உலகின் பெரும்பாலான கன்வெர்ட்டர்களை நிரப்பியிருக்கிறது. வேதியியல் தொழிலில் இத்தனை காலம் அடிப்படை மாறாமல் நிலைத்த வினையூக்கிகள் மிகச் சில.

இந்த நிலைப்புக்கு என்ன காரணம் என்பது அதைத் தயாரிக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். மாக்னடைட்டை உயர்த்திகளோடு மின் உலையில் உருக்கி, குளிரவைத்து, உடைத்துச் சலிக்கிறார்கள். கையில் கிடைப்பது கறுத்த, கூர்முனைகள் கொண்ட, அளவுக்கு மீறிய கனமுள்ள சில்லுகள். ஒரு லிட்டர் கலத்தில் நிரப்பினால் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை நிற்கும். இந்த நிலையில் அதற்கு வினையூக்கும் திறன் சிறிதும் இல்லை. கன்வெர்ட்டருக்குள் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் கலந்த வாயுவைச் செலுத்தி மெல்ல மெல்லச் சூடேற்றும்போது ஆக்சிஜன் நீராவியாக வெளியேறுகிறது. இதையே ஒடுக்கம் என்பார்கள். ஆனால் சில்லு சுருங்குவதில்லை. ஆக்சிஜன் இருந்த இடமெல்லாம் நுண்துளையாகி, ஒரு கிராமுக்கு 15 முதல் 20 சதுர மீட்டர் வரை உட்பரப்புள்ள இரும்புப் பஞ்சு உருவாகிறது. அலுமினா (அலுமினிய ஆக்சைடு) அந்தத் துளைகள் மூடிக்கொள்ளாமல் தாங்கி நிற்கிறது. பொட்டாசியம் இரும்பின் மேற்பரப்பு நைட்ரஜனுக்கு எலக்ட்ரான் தருவதை எளிதாக்குகிறது.

ஒரு டன் சில்லிலிருந்து ஏறத்தாழ 300 கிலோ நீர் வெளிவருகிறது. அந்த நீராவியே, ஏற்கெனவே ஒடுக்கப்பட்டுவிட்ட கீழ் அடுக்குகளுக்கு நஞ்சாகிறது. இரும்பு மீண்டும் ஆக்சைடாகி, மறுபடி ஒடுங்கும்போது படிகங்கள் பெருத்து, பரப்பு நிரந்தரமாகக் குறைந்துவிடும். எனவே வெளியேறும் வாயுவில் நீரின் அளவைக் கண்காணித்தபடி, வெப்பநிலையைப் படிப்படியாகத்தான் உயர்த்த வேண்டும். இதற்குப் பல நாள்கள் ஆகும்; அந்நாள்களில் ஆலை விற்பதற்கு எதையும் தராது. பொறுமையிழந்து விரைவுபடுத்திய ஆலை, அடுத்த பத்தாண்டுக்கு அதன் விலையைக் கொடுக்கும். இதைத் தவிர்க்கவே முன்பே ஒடுக்கி, மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் ஏற்றி விற்கப்படும் வகை வந்தது. விலை கூடுதல்தான்; ஆனால் சிறிய ஆலைக்கு அதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ஒடுக்கும் வேலையைச் சரியாக நடத்தத் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஒடுக்கப்பட்ட இரும்பு காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும் என்பதையும், நிரப்புவதிலும் இறக்குவதிலும் அதற்கேற்ற எச்சரிக்கை தேவை என்பதையும் வாங்குபவர் மறக்கக் கூடாது.

இரும்பின் குறைகள் இரண்டு. முதலாவது, அது 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தைக் கேட்கிறது. இது வெப்பம் உமிழும் வினை என்பதால் சூடு கூடக் கூடச் சமநிலை எதிராகத் திரும்புகிறது: 100 வளிமண்டல அழுத்தத்தில், 300 டிகிரியில் சமநிலை அம்மோனியா (வினை அதிகபட்சம் எட்டக்கூடிய அளவு) பாதிக்குச் சற்று மேல், 400 டிகிரியில் கால் பங்கு, 500 டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் 100 முதல் 250 பார் வரை (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தம் ஏற்றுகிறார்கள். அப்படியும் ஒரு சுற்றில் 15 முதல் 20 விழுக்காடுதான் மாறுகிறது. எஞ்சியதைத் திரும்பத் திரும்பச் சுழலவிட வேண்டியிருக்கிறது. இரண்டாவது குறை, உருவான அம்மோனியாவே இரும்பின் மேற்பரப்பை அடைத்துக்கொள்வது; அம்மோனியாச் செறிவு ஏற ஏற வேகம் தளர்கிறது.

நிறைகளும் சிறியவை அல்ல. விலை மலிவு, நன்றாகப் பராமரித்தால் பத்தாண்டுக்கு மேல் உழைக்கும். மின்னாற்பகுப்பு ஹைட்ரஜனோடு அது ஒத்துப்போகும் என்பதற்கு வரலாறே சான்று: நார்வேயின் நீர்மின்சாரத்தில் பிரித்த ஹைட்ரஜனிலிருந்து 1920-களின் இறுதியிலேயே ரியூக்கானில் அம்மோனியா தயாரித்தார்கள். எரிவாயுவிலிருந்து வரும் ஹைட்ரஜனில் கந்தகம், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் ஆகிய தொல்லைகள் உண்டு. மின்னாற்பகுப்பு ஹைட்ரஜனில் இவை இல்லை. மீத்தேன் இல்லாததால் சுழற்சியில் செயலற்ற வாயு சேர்வது குறைந்து, வெளியே விடும் வாயுவின் அளவும் குறைகிறது. மாறாக, அதில் எஞ்சும் ஆக்சிஜனும் ஈரமும் இரும்புக்குப் பகை. அவற்றை நீக்கும் பிரிவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. புதிய திட்டங்களின் வரைபடங்களில் இந்தப் பிரிவு ஒரு சிறு பெட்டியாக மூலையில் ஒதுங்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இரும்பு வகையிலேயே நான் அதிகம் மதிப்பது, மாக்னடைட்டுக்குப் பதிலாக ஊஸ்டைட் என்னும் இரும்பு ஆக்சைடிலிருந்து தொடங்கும் வகை. சீனாவின் ஹுவாசாங் லியூ 1980-களின் நடுவில் கண்டறிந்து ஏ301 என்ற பெயரில் வெளியிட்டது இதுதான். அதுவரை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, மாக்னடைட்டுக்கு நெருக்கமான கலவையே சிறந்தது என்பது கேள்வி கேட்கப்படாத விதியாக இருந்தது. அவர் அந்த விதியைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஊஸ்டைட்டில் ஆக்சிஜன் குறைவு என்பதால் வெளியேற வேண்டிய நீரும் குறைவு. ஒடுக்கம் விரைவாகவும் தாழ்ந்த வெப்பத்திலும் முடிகிறது. செயல்திறனும் மாக்னடைட்டை விடக் கூடுதல். கிளாரியண்ட் நிறுவனத்தின் அமோமேக்ஸ் 10 இந்த வகையைச் சேர்ந்தது. பேரளவு ஆலைகளில் ஆண்டுக்கணக்கில் ஓடித் தேறிய பொருள் என்பதால், இதன் மீதான என் மதிப்பு ஆய்வகத் தரவை மட்டும் நம்பியதன்று. கோபால்ட் சேர்த்த மாக்னடைட்டும் உண்டு. ஐசிஐ நிறுவனம் 74-1 என்ற பெயரில் கொண்டுவந்தது. தாழ்ந்த அழுத்தத்தில் அதுவும் நன்றாகவே உழைக்கிறது.

ருத்தேனியத்திற்கு வருவோம். உகந்த தாங்கியும் (உலோகத்தைச் சுமக்கும் பொருளும்) கார உலோக உயர்த்தியும் கிடைத்துவிட்டால் இரும்பை விடப் பல மடங்கு வேகமாக இது வினைபுரியும் என்பதை 1970-களில் ஜப்பானில் அய்காவும் ஒசாக்கியும் காட்டினர். 1992-இல் கனடாவின் கிட்டிமாட்டில் ருத்தேனியத்தைப் பயன்படுத்தும் கெல்லாக் நிறுவனத்தின் காப் முறை வணிக அளவில் இயங்கத் தொடங்கியது; 90 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தாழ்த்த முடிந்தது. அங்கே கையாண்ட உத்தி கவனிக்கத்தக்கது: முதல் படுகையில் (வினையூக்கி அடுக்கில்) வழக்கமான இரும்பையே நிரப்பி, அம்மோனியாச் செறிவு ஏறிய பின்வரும் படுகைகளில் மட்டும் ருத்தேனியத்தை வைத்தார்கள். இரும்பு அம்மோனியாவால் தளரும். ருத்தேனியம் அவ்வளவாகத் தளராது. எது எங்கே தேவையோ அங்கே மட்டும் விலையுயர்ந்ததை இட்ட அந்த நிதானம் பாராட்டுக்குரியது.

ஆனால் ருத்தேனியத்துக்கு ஹைட்ரஜனே தடையாகிறது. அதன் மேற்பரப்பை ஹைட்ரஜன் அணுக்கள் முந்திச் சென்று பிடித்துக்கொள்வதால், மூன்றுக்கு ஒன்று என்ற இயல்பான விகிதத்தைக் குறைத்து, நைட்ரஜன் மிகுந்த வாயுவை ஊட்ட வேண்டியிருக்கிறது. தாங்கியாக நிற்கும் கார்பன், ஹைட்ரஜனோடு சேர்ந்து மெல்ல மீத்தேனாகக் கரைகிறது. உயர் வெப்பத்தில் கிராஃபைட்டாக்கிய கார்பனைப் பயன்படுத்தி இதைக் குறைக்கிறார்கள், முற்றிலும் நிறுத்த முடிவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகில் ஆண்டுக்கு எடுக்கப்படும் ருத்தேனியம் சுமார் 30 டன். பெரிய கன்வெர்ட்டர் ஒன்றில் நிரம்பும் இரும்புச் சில்லே நூறு டன்னை எட்டக்கூடும். இத்தனை அரிய உலோகத்தின் மீது உலகின் உணவை நிறுத்தும் திட்டத்தை நீடித்தது என்று என்னால் அழைக்க முடியவில்லை. சிறிய, தனித்த ஆலைகளுக்கு இது நியாயமான தேர்வு; பழைய உலோகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக விற்பவர் எழுத்தில் உறுதி தந்தால் இன்னும் நல்லது.

எலக்ட்ரைடுகளைப் பற்றி ஆர்வத்தோடு எழுதுகிறேன், ஏனெனில் வேதியியல் அளவில் உண்மையான புதுமை இங்கேதான் நிகழ்ந்தது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிடியோ ஹோசோனோ குழுவினர், சிமென்ட்டில் இடம்பெறும் கால்சியம் அலுமினேட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு படிகத்தின் கூண்டுகளிலிருந்து ஆக்சிஜனை நீக்கி, அந்த இடங்களில் எலக்ட்ரான்களையே எதிர்மின் அயனிகளாகக் குடியமர்த்தினர். அதன் மீது ருத்தேனியத்தை ஏற்றி 2012-இல் வெளியிட்ட முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மற்ற வினையூக்கிகளில் நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைப்பதே மெதுவான படி. அப்பிணைப்பின் வலிமை மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல். எலக்ட்ரைடு தாராளமாக எலக்ட்ரானை வழங்குவதால் அந்தப் படி எளிதாகி, நைட்ரஜனோடு ஹைட்ரஜன் சேரும் படி மெதுவானதாகிறது. கூண்டுகள் ஹைட்ரஜனையும் ஹைட்ரைடாக (எதிர்மின் ஹைட்ரஜன் அயனியாக) உள்வாங்கிக் கொள்வதால், ருத்தேனியத்தின் பழைய நோயான ஹைட்ரஜன் தடையும் தணிகிறது. 2017-இல் சுபாமே பிஹெச்பி என்ற நிறுவனம் இதனை அடிப்படையாகக் கொண்டு சிறு ஆலைகளுக்காகத் தொடங்கப்பட்டது.

அதே குழுவினர் ருத்தேனியத்தையே விலக்கும் திசையிலும் சென்றனர்: லாந்தனம், கோபால்ட், சிலிக்கான் சேர்ந்த உலோகக் கலவையும், லாந்தனம் நைட்ரைடின் மீது ஏற்றிய நிக்கலும் குறிப்பிடத்தக்கவை. தனியாக விட்டால் நைட்ரஜனைத் தொடக்கூடத் தயங்கும் உலோகம் நிக்கல். இங்கே நைட்ரஜனைப் பிடிப்பது நைட்ரைடின் படிகத்தில் உள்ள வெற்றிடம், ஹைட்ரஜனைப் பிரிப்பது நிக்கல். சீனாவின் டாலியனில் பிங் சென் குழுவினர் லித்தியம் ஹைட்ரைடை இரும்பு போன்ற உலோகங்களோடு சேர்த்தபோதும் இதே வேலைப் பிரிவினைதான் நடந்தது. ஒரே மேற்பரப்பு நைட்ரஜனை உடைக்கவும் வேண்டும், உடைந்ததை எளிதில் விடவும் வேண்டும் என்ற முரணே உலோக வினையூக்கிகளைக் கட்டிப்போட்டிருந்தது. இரண்டு வேலையை இரண்டு இடத்துக்குப் பிரித்துக் கொடுப்பது அந்தக் கட்டிலிருந்து விடுபடும் நேர்மையான வழி. ஆயினும் நைட்ரைடுகளும் ஹைட்ரைடுகளும் ஈரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் அஞ்சுபவை. இரும்பு நனைந்தால் ஓரளவுக்குத் தேறிவிடும். இவற்றில் பல தேறுவதில்லை.

இங்கே வாங்குபவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஆய்வுக் கட்டுரைகள் வேகத்தை ஒரு கிராம் வினையூக்கிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று தருகின்றன. ஆலை வாங்குவதோ கிராமை அன்று, கன்வெர்ட்டரின் கன அளவை. உயர் அழுத்தக் கலத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் தடித்த எஃகு தேவைப்படுகிறது. ஒரு லிட்டரில் மூன்று கிலோ நிற்கும் இரும்பையும், அதே இடத்தில் அதில் சிறு பங்கே நிற்கும் இலேசான கார்பன் துகளையும் கிராம் கணக்கில் ஒப்பிட்டால், பின்னது பெரும் வெற்றி பெற்றதாகத் தோன்றும். லிட்டர் கணக்கில் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கும். மேலும் பல சோதனைகள் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நடத்தப்படுகின்றன. 400 டிகிரியில் அந்த அழுத்தத்தின் சமநிலை அம்மோனியா 0.44 விழுக்காடு மட்டுமே. வெளியேறும் வாயுவில் அம்மோனியா கிட்டத்தட்ட இல்லை என்பதால், அம்மோனியாவால் தளரும் பொருளும் அங்கே தளராததாகத் தெரியும். அறிக்கையில் 50 பார் அல்லது அதற்கு மேலான அழுத்தத்தில், அம்மோனியா கலந்த வாயுவில், மாதக்கணக்கில் ஓட்டிய தரவு இல்லையென்றால், அந்த வினையூக்கி விலைப்பட்டியலில் இருந்தாலும் இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

தாழ்ந்த அழுத்தத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 150 பாரில் அம்மோனியாவைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிரிப்பது எளிது. 20 பாரில் மிகக் கடுமையான குளிர் தேவைப்படும், அப்படியும் கணிசமான அம்மோனியா வாயுவிலேயே தங்கிக் கன்வெர்ட்டருக்குத் திரும்பும். மெக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகளில் அம்மோனியாவை உறிஞ்சவைத்து, பின் சூடேற்றி விடுவிக்கும் முறையை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து வருகிறார்கள். எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வுகளில் அதுவும் ஒன்று. குறைந்த அழுத்த வினையூக்கியைப் பிரிக்கும் முறையைப் பற்றிய பேச்சே இல்லாமல் விற்க வருபவரிடம், முதலில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மின்வேதியியல் வழி எல்லாவற்றையும் விடக் கவர்ச்சியானது: காற்றும் நீரும் மின்சாரமும் இருந்தால் அறை வெப்பத்திலேயே அம்மோனியா. ஆனால் இத்துறையில் வெளியான பல முடிவுகள் மிக நுண்ணிய அளவு அம்மோனியாவை அடிப்படையாகக் கொண்டவை. அந்த அளவு அம்மோனியா ஆய்வக் காற்றிலும், கையுறையிலும், மனித மூச்சிலும் இருக்கிறது. அம்மோனியா உண்மையில் செலுத்திய நைட்ரஜனிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கப் பயன்படும் நைட்ரஜன்-15 ஐசோடோப்பு வாயுக் குப்பியிலேயே குறியிட்ட அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மாசாகக் கலந்திருக்கக்கூடும். 2019-இல் வெளியான கண்டிப்பான சோதனை நெறிமுறை இந்தத் துறைக்குப் பெரும் நன்மை செய்தது. அதைப் பின்பற்றாத எந்த முடிவையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சல்லடையில் தேறி நிற்பது லித்தியத்தின் வழியே நடக்கும் முறை. லித்தியம் உலோகமாகப் படிந்து, நைட்ரஜனோடு சேர்ந்து, பின்னர் புரோட்டான் பெற்று அம்மோனியாவாகிறது. 2022-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, செலுத்திய மின்னோட்டத்தில் ஏறத்தாழ முழுவதும் அம்மோனியாவுக்கே செல்லும்படி செய்துகாட்டியது.

அந்தச் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் மின்னோட்டத் திறனும் ஆற்றல் திறனும் ஒன்றல்ல. லித்தியத்தைப் படியவைக்கச் சுமார் 3 வோல்ட் தேவை; ஒரு அம்மோனியா மூலக்கூறுக்கு மூன்று எலக்ட்ரான்கள் வேண்டும். எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், டன்னுக்கு 50 ஜிகாஜூலுக்குச் சற்று மேல் ஆகிறது. மின்னாற்பகுப்பு ஹைட்ரஜனோடு பழைய இரும்புக் கன்வெர்ட்டரை இணைத்த முழு ஆலையும் சுமார் 36 ஜிகாஜூலில் அதே டன்னைத் தந்துவிடுகிறது. வேறொரு உலோகமோ வேறொரு வழியோ கிடைக்கும்வரை, இது சிறு அளவில், மின்சாரம் மிகுதியாக வீணாகும் இடத்தில் மட்டும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்று பணம் கொடுத்து வாங்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு என் தேர்வு, முன்பே ஒடுக்கப்பட்ட ஊஸ்டைட் வகை இரும்பு. அதோடு ஹைட்ரஜனிலிருந்து ஈரத்தையும் ஆக்சிஜனையும் நீக்கும் பிரிவுக்கு முழுச் செலவு. நாளொன்றுக்குச் சில டன் மட்டுமே தயாரிக்கும் ஆலைக்கு, ருத்தேனியம் ஏற்றிய எலக்ட்ரைடைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது இரண்டு தரவுகளை வற்புறுத்திப் பெற வேண்டும். படுகையின் லிட்டருக்கான உற்பத்தி எவ்வளவு என்பது ஒன்று. உற்பத்தியைத் தணித்தும் ஏற்றியும், கன்வெர்ட்டரைக் குளிரவிட்டு மீண்டும் சூடாக்கியும் நூற்றுக்கணக்கான முறை ஓட்டிய பின் அந்த உற்பத்தி எவ்வளவு மிஞ்சுகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலான விற்பனை அறிக்கைகளில் விடை இருப்பதில்லை. சீராக ஓடிய வளைகோடு ஒன்றைத்தான் காட்டுவார்கள். காற்றாலை மின்சாரம் சீராக வருவதில்லை என்பதால், அந்த வளைகோட்டை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.